தூர் பிரித்து வளர்க்கும் வெங்காயம்: ஓசூர் எல்லையிலிருந்து ஒரு வரலாறு

சின்ன வெங்காயம், விதை தூவாமல் காயையே நட்டு வளர்க்கப்படும் பயிர். நட்ட ஒரு காய் மண்ணுக்குள் பிரிந்து ஐந்து, ஆறு, சில ரகங்களில் பத்துக் காய்கள் வரை கொண்ட தூராகிறது. சாம்பார் வெங்காயம், நாட்டு வெங்காயம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. தாவரவியலார் இதனைப் பெரிய வெங்காயம் அடங்கிய அல்லியம் சீபா என்ற இனத்திலேயே வைத்து, அக்ரிகேட்டம் என்னும் தனிப் பிரிவாகக் கொள்கிறார்கள். கொத்தாகத் திரள்வது என்பது அந்தச் சொல்லின் பொருள்.

இப்படித் தூர் பிரித்துப் பெருக்கப்படும் செடிகள் வெங்காயக் குடும்பத்தில் இன்னும் பல உண்டு. பூண்டு நமக்குத் தெரிந்ததே. இலங்கை மலையகத்தில் எல்லாச் சமையலறைகளிலும் புழங்கும் லீக்ஸின் உறவுச் செடிகளில், ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும் வகைகள் உள்ளன. மணிப்பூர் வீட்டுத் தோட்டங்களில் வளரும் மரோய் அத்தகையதே. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இந்த வழக்கத்தைச் சுமந்து வந்தது சின்ன வெங்காயம். ஆகவே இக்கட்டுரை அதையே முதன்மையாகக் கொள்கிறது.

உரித்தால் என்ன இருக்கிறது?

பெரியார் ஒன்றுமில்லாத பேச்சை ‘வெங்காயம்’ என்று தள்ளுவார். உரிக்க உரிக்கத் தோல்தான், உள்ளே எதுவும் இல்லை என்பது அதன் கருத்து. பெரிய வெங்காயத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. நடுவில் ஒரே மையம் இராது. இரண்டோ மூன்றோ தனித்தனி மையங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முளை. அடியில் உள்ள தட்டையான கடினமான பகுதியே உண்மையான தண்டு. நாம் உரித்துப் போடும் ஏடுகள் எல்லாம் சதைப்பற்று ஏறிய இலையடிகள்.

நட்ட பிறகு அந்த முளைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று தாளும் வேரும் விட்டுக்கொண்டு தனிக் காயாகிவிடும். நட்ட தாய்க்காய் கரைந்து காணாமல் போய்விடும். மகரந்தம், பூ, விதை எதுவும் நடுவில் இல்லை என்பதால் புதிய காய்கள் தாயின் நேர்ப்படிகளாகவே இருக்கும். வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து உயிரணுவைக் காட்டுவது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பது. அதே மேசையில் இந்தக் குறுக்குவெட்டையும் வைத்துக் காட்டினால் உடலப் பெருக்கம் என்ற பாடத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்காது.

இதிலிருந்து வரலாற்றுக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. விதைப் பயிர் ஒன்று ஓராண்டு கைவிடப்பட்டாலும் டப்பாவில் எஞ்சிய விதை அதனைக் காப்பாற்றக்கூடும். சின்ன வெங்காயத்துக்கு அந்த வசதி கிடையாது. காய் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. ஒன்று முளைத்துவிடும், இல்லாவிட்டால் அழுகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் தின்னாமல் எடுத்துவைத்து, பிரித்து நட்டதால்தான் அது இன்றுவரை வந்திருக்கிறது.

பெயர்களும் விலக்குகளும்

வெங்காயத்தின் காட்டு உறவினச் செடிகள் நடு ஆசிய மலைகளில் உள்ளன. அங்கிருந்து மேற்கேயும் தெற்கேயும் பரவியது. பிரியும் வெங்காயத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஷாலட்’ என்ற பெயர், இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில் இருந்த அஸ்கலோன் என்ற பழைய துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுத் தாவர ஆய்வாளர் தியோபிராஸ்டஸ் பலவகை வெங்காயங்களை விவரிக்கும்போது, அஸ்கலோன் வெங்காயம் மட்டும் அடியில் பிரிவதில்லை, அதனால் அதை நடுவதில்லை, விதைக்கிறார்கள் என்று எழுதினார். அதாவது மற்ற வெங்காயங்கள் பிரிவதே அவர் காலத்தில் இயல்பு, பிரியாதது விதிவிலக்கு. அந்த விதிவிலக்கின் ஊர்ப்பெயர் காலப்போக்கில் பிரியும் வெங்காயத்துக்கே ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் வெங்காயக் குடும்பத்தின் எழுத்துச் சான்றுகளில் விலக்கு முந்திக்கொள்கிறது. மனுஸ்மிருதி பூண்டையும் வெங்காயத்தையும் இருபிறப்பாளருக்கு ஆகாதவை என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இவற்றை உண்போர் சிலரே என்றும், உண்டவர்கள் ஊர் மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள் என்றும் குறித்தார். சமணர்கள் இன்றும் தொடுவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் விலக்கிய பயிரை எழுத்தறியாத உழவர்கள் வளர்த்தார்கள். அதன் வரலாறு ஏட்டில் குறைவாகவும் பரணில் அதிகமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயர்களைப் பார்க்க ஓசூர்ச் சந்தையை விட நல்ல இடம் அமையாது. தமிழில் வெங்காயம், வெம்மையும் காயமும் சேர்ந்த சொல், பெருங்காயத்தின் உறவு. கன்னடத்தில் ஈருள்ளி. தெலுங்கில் உல்லிபாய, இராயலசீமைப் பக்கத்தார் எர்ரகட்ட என்பார்கள். மலையாளத்திலும் உள்ளிதான். பூண்டுக்குத் தமிழில் வெள்ளுள்ளி என்ற பழம்பெயர் இருப்பதால், உள்ளி என்ற பொதுச்சொல் தமிழிலும் புழங்கியது தெளிவு. மூன்று மொழி பேசும் ஊரில் ஒரே கூடைக்கு மூன்று பெயர். விலை மட்டும் ஒன்று.

எல்லையின் இரண்டு வெங்காயங்கள்

கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. ஓசூர் மேட்டுநிலம் 1799 வரை மைசூரோடு இருந்து, திப்பு வீழ்ந்த பிறகே சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் 1965இல் தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஆட்சி எல்லைகள் மாறின. மண்ணும் தட்பவெப்பமும் அந்தக் கோடுகளைப் பார்த்து மாறவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், செம்மண், இரு பருவ மழை, மிதமான குளிர் ஆகிய எல்லாமே பெங்களூருடன் ஒத்தவை.

பெங்களூர்ச் சந்தைதான் இந்தப் பகுதியின் காய்கறித் தோட்டங்களுக்கு நெடுங்காலமாக உயிர். 1760இல் ஐதர் அலி லால்பாக்கைத் தொடங்கினார். அங்கும் நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வேலை செய்தவர்களில் தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தார் முதன்மையானவர்கள். பெங்களூர்க் கரகம் அவர்களுடைய திருவிழா. 1809இல் ஆங்கிலேயப் படை பெங்களூரில் முகாம் அமைத்ததும் கோஸ், கேரட், பீன்ஸ், லீக்ஸ் போன்ற சீமைக் காய்களுக்குத் தேவை உண்டாயிற்று. ஊட்டியில் 1820களில் ஜான் சல்லிவனும், நுவரெலியாவில் 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கரும் இதே வேலையைத்தான் செய்தார்கள். நுவரெலியாவில் லீக்ஸ் நிலைத்தது. தேயிலைத் தோட்டத் தமிழர் கைப்பட்டுக் கறியும் வறையுமாகிவிட்டது. நம் பக்கத்தில் அது ஓட்டல் காயாகவே நின்றுவிட்டது. சின்ன வெங்காயம் இருக்கும் வீட்டில் லீக்ஸுக்கு இடம் கிடைப்பது கடினம்தான்.

இன்று எல்லையின் அந்தப் பக்கத்தில் புகழ்பெற்றது பெங்களூர் ரோஸ் வெங்காயம். சிக்கபள்ளாப்பூர், கோலார், பெங்களூர் ஊரக மாவட்டங்களில் விளைவது. தட்டையான அடி, ஆழ்ந்த சிவப்பு, கடும் காரம். 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூரில் அதை உண்பவர்கள் குறைவு. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதனால் டெல்லியில் வெங்காய விலை ஏறும்போதெல்லாம் இதன் உழவர்கள் சம்பந்தமில்லாமல் அடிவாங்குவார்கள். 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதி முழுவதும் தடை செய்யப்பட்டது. உழவர்கள் முறையிட்ட பிறகு, அக்டோபர் இறுதியில் ரோஸ் வெங்காயம் மட்டும் 9,000 டன் வரை சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்ப அனுமதி கிடைத்தது. 2020இலும் தடை வந்து, 10,000 டன்னுக்கு விலக்கு தரப்பட்டது. 2023இல் ஏற்றுமதி வரி விதித்தபோது ஒரு மாதத்துக்குப் பிறகு இதற்கு விலக்கு அளித்தார்கள்.

பார்வைக்குச் சின்ன வெங்காயத்தின் அண்ணன் போலத் தோன்றும் இந்த ரோஸ் வெங்காயம் விதைப் பயிர். நாற்றுவிட்டு வளர்ப்பது. ஒரு விதைக்கு ஒரு காய். நம்முடையதோ ஒரு காய்க்கு ஒரு தூர். ஏற்றுமதி, குறியீடு, தடை, விலக்கு என்று அதற்கு அரசாங்கக் காகிதங்களில் ஒரு வரலாறு சேர்ந்துகொண்டே போகிறது. தூர் வெங்காயத்தின் கணக்கு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

விதை வெங்காயத்தின் கணக்கு

ஒரு ஏக்கர் நடவுக்கு நானூறு முதல் அறுநூறு கிலோ விதை வெங்காயம் தேவை. நல்ல விளைச்சல் என்றால் ஆறு டன் வரை கிடைக்கும். அப்படியானால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு மறுபடி மண்ணுக்கே போக வேண்டும். சேமிப்பில் காய்ந்தும் அழுகியும் போவதையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும். அறுவடை செய்த உடனே நட்டால் சீராக முளைக்காது. இரண்டு மாதமாவது உறக்கம் வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. பெரம்பலூர், துறையூர், திண்டுக்கல் பகுதிகளில் வயலோரத்தில் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வைப்பார்கள். வீட்டுத் தேவைக்கு வளர்த்தவர்கள் தாளோடு சேர்த்து முடிந்து, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டார்கள். விலை இறங்கிக் கிடக்கும் ஆண்டில் எடுத்துவைப்பது சுலபம். 2019 டிசம்பரில் போல ஒரு கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் பட்டறையைத் திறக்காமல் இருக்கக் கடனில்லாத உழவராக இருக்க வேண்டும். அடுத்த பட்டத்தில் விதை வெங்காயத்தை அதே உயர்ந்த விலைக்கு வெளியே வாங்க நேரும்போது, ஊரில் பல தலைமுறையாக இருந்த ரகம் ஓசையின்றி மறைந்துவிடும். அதை யாரும் அறிவிப்பதும் இல்லை.

நோய் மற்றொரு பக்கம். விதை வழியில் பல நச்சுயிரிகள் கடப்பதில்லை; காய் வழியில் தாயின் நோய் முழுவதும் பிள்ளைக்கு வந்து சேரும். வெங்காய மஞ்சள் குட்டை நச்சுயிரி அப்படிப்பட்டது. அடியழுகல் பூசணமும் விதைக்காயோடு பயணம் செய்யும். தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய் வந்த பாத்தியில் தேறிய காயையும் விதைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நாட்டு ரகங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோ வரிசையில் பல ரகங்களை வெளியிட்டது. அவற்றில் திருப்புமுனை 2000களின் தொடக்கத்தில் வந்த கோ 5. தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் சின்ன வெங்காயம் அது. ஏக்கருக்கு அறுநூறு கிலோ காய் சுமந்த இடத்தில் ஒரு கிலோ விதை போதும் என்றாயிற்று. நாற்றங்காலுக்கு ஒன்றரை மாதம் கூடுதலாகும், அவ்வளவே. வணிகமாகச் செய்பவருக்கு இது பெரிய விடுதலை; நச்சுயிரித் தொல்லையும் குறைகிறது. ஆனால் எடுத்துவைக்கும் கட்டாயம் போனதும் எடுத்துவைக்கும் பழக்கமும் போயிற்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நல்லது கெட்டது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அறுநூறு கிலோவுக்குக் கடன் வாங்கியவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

விதை வெங்காயம் ஒரு சமூகத்தின் நிலையையே மாற்றிய கதை பாக்கு நீரிணைக்கு அப்பால் உண்டு. யாழ்ப்பாணத்தின் சிவந்த சின்ன வெங்காயமும் காய் நட்டு வளர்ப்பதே. கிணற்று நீரில், சிறு துண்டுத் தோட்டங்களில், அந்தர் கணக்கில் விளைந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணியைக் காக்க வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கொழும்புச் சந்தை முழுவதும் யாழ்ப்பாணத்து வெங்காயத்தை நம்பும்படி ஆயிற்று. தோட்டக்காரர் கையில் பணம் புரண்டது, வீடுகள் எழுந்தன, இறைப்பு யந்திரங்கள் வந்தன, படித்த இளைஞர்கள் சிலரும் தோட்டத்துக்கு இறங்கினார்கள்.

1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதி வெங்காயம் உள்ளே நுழைந்தது, விலை சரிந்தது. அதன் பின் போர். கொழும்புக்கான பாதை மூடப்பட்ட காலங்களில் விளைந்ததை அனுப்ப வழியில்லை. நெல்லைப் போல மூட்டையில் கட்டி வைத்துக் காத்திருக்க முடியாத பயிர் இது. இருந்தும் யாழ்ப்பாணத்து வெங்காயம் அழியவில்லை. விற்க முடியாத ஆண்டுகளிலும் அடுத்த நடுகைக்குரியது எடுத்துவைக்கப்பட்டதால் அது நின்றது.

தொழிற்பேட்டைகளுக்கு நடுவில்

ஓசூரில் வந்தது போர் அல்ல, வேலை. 1970களில் சிப்காட் நிலமெடுத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் நிலைபெற்றன. பிறகு பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி. மிஞ்சிய நிலத்திலும் பயிர் மாறியது. தளியும் அமுதகொண்டப்பள்ளியும் பசுமைக்குடில் ரோஜாவுக்குப் பெயர் பெற்றன, இராயக்கோட்டை தக்காளிக்கு. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு விதை வெங்காயம் எடுத்துவைக்க என்ன தேவை? உழவர் சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

ஆயினும் தூர் பிரித்து வளர்க்கும் முறைக்கு ஏக்கர் தேவையில்லை என்பதை மணிப்பூர் காட்டுகிறது. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் வைணவம் பரவியபோது வெங்காயமும் பூண்டும் பல மெய்தெய் வீடுகளில் விலக்கானது. அந்த இடத்தை மரோய் நிரப்பியது. அகன்ற இலையுடைய மரோய் நபாக்பி, மெல்லிய இலையுடைய மரோய் நகூப்பி என்று இரண்டும் வீட்டோரப் பாத்தியில் நிரந்தரமாக இருக்கும். வேண்டும்போது இலையை அறுத்துக்கொள்வார்கள்; தூர் நெருக்கமானால் பிடுங்கிப் பிரித்து மறுபடி நடுவார்கள். விலக்கு ஒரு செடியைத் தள்ளி இன்னொன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

ஓசூரின் குளிர்ச்சி இம்முறைக்கு ஏற்றது. சித்திரை வைகாசியிலோ ஐப்பசி கார்த்திகையிலோ, கோலிக்குண்டு அளவுள்ள கெட்டியான காய்களாகத் தேர்ந்து, கொத்தாக ஒட்டியிருப்பதைக் கையால் பிரித்து, வெளித்தோலை உரிக்காமல் நட வேண்டும். நுனி மண்ணுக்கு மேலே சற்றுத் தெரியட்டும்; ஆழ நட்டால் அழுகும். காய்க்குக் காய் பத்து சென்டிமீட்டர் இடைவெளி போதும். மேட்டுப்பாத்தி நல்லது. மாடியில் என்றால் வாய் அகன்ற தொட்டி. ஆழம் ஒரு சாண் இருந்தால் நிறைவு. அறுபது நாளுக்கு மேல் தாள் மடிந்து சாயத் தொடங்கும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பிடுங்கி நிழலில் உலர்த்தலாம்.

தாளுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் ஓரிரு தூர்களைப் பிடுங்காமல் விடலாம். இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். லீக்ஸையும் இப்படி நிரந்தரச் செடியாக்க முடியும். வேரோடு பிடுங்காமல் அடித்தண்டு சிறிது நிற்க அறுத்தால் பக்கத்தில் கன்று வெடிக்கும். பூக்க விட்டால் அடியில் முத்துப் போன்ற சிறு காய்கள் திரளும். கன்றுகளைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் சிறிது வேர் ஒட்டியிருக்க வேண்டும். வேர்நுனியையும் இலை நுனியையும் கத்தரித்து, சின்ன வெங்காயத்தைப் போலன்றிச் சற்று ஆழமாகவே நடலாம். நோய் கண்ட தூரைப் பிரித்துப் பரப்பக் கூடாது. முழுவதுமாகக் களைந்துவிட வேண்டும். அதே பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். கீரையோ அவரையோ போடலாம்.

எடுத்துவைக்கும் அளவு பற்றி: நூறு காய் நட்டவர் அடுத்த பட்டத்துக்கு நூற்றைம்பதாவது ஒதுக்க வேண்டும். மூன்றில் ஒன்று போய்விடும். ஒதுக்குவதில் மிகப் பெரியவற்றைச் சமையலுக்கும் மிகச் சிறியவற்றை ஊறுகாய்க்கும் விட்டுவிட்டு நடுத்தரமானவற்றைத் தாளோடு முடிந்து காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடலாம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் இரண்டு வாரத்தில் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.